எங்கள் பங்கு எந்தக் கணக்கில் இருக்கிறது?

தமிழ்நாடு அரசின் வரவு செலவுத் திட்ட ஆவணங்களைப் புரட்டினால் 789 என்ற எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வேளாண்மை, ஊரக வளர்ச்சி, மக்கள் நல்வாழ்வு, பள்ளிக் கல்வி என்று துறை எதுவானாலும் அது வரும். பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டத்தைக் குறிக்கும் சிறுதலைப்பு எண் அது. அரசு ஆவணங்கள் அதை ஆதிதிராவிடர் துணைத் திட்டம் என்று சொல்கின்றன. பழங்குடியினருக்கான எண் 796. ஒவ்வொரு துறையும் தன் திட்டச் செலவில் இந்த மக்களுக்குரிய பங்கைப் பிரித்து இந்த எண்களின்கீழ் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏட்டில் கூட்டிப் பார்த்தால் ஆயிரக்கணக்கான கோடி வரும். கடலூர் மாவட்டத்தில் ஏதாவது ஒரு காலனிக்குப் போய், "துணைத் திட்டப் பணத்தில் இந்த ஊருக்கு என்ன வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாட்கோ லோனைக் கேக்கறீங்களா?" என்பார். என் ஆய்வுக்காகப் புவனகிரி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான்.

மாநிலத்தின் செலவில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு உரிமையான பங்கு, அவர்கள் தெருவுக்கு வந்து சேரும்போது வங்கி மேலாளர் மனம் வைத்தால் கிடைக்கும் கடனாகச் சுருங்கியிருக்கிறது. அதிகாரிகளின் சோம்பல், இடைத்தரகர்களின் ஊழல் என்று இதற்குக் காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். அவை இரண்டும் உண்மைதான். ஆனால் நாளையே நேர்மையான அதிகாரிகள் வந்து உட்கார்ந்தாலும் இந்தச் சுருக்கம் தொடரும். ஏனென்றால் அது பணத்தை ஒதுக்கும் முறையிலும் கணக்குக் காட்டும் முறையிலும் இருக்கிறது.

தீயில் தொடங்கிய வரலாறு

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1974இல் தமிழ்நாடு அரசு ஒரு கழகத்தைத் தொடங்கியது. அப்போது அதன் பெயர் ஹரிஜன் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம். பிறகு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் என்றானது. சுருக்கமாகத் தாட்கோ. சேரிகளில் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவது அதன் தொடக்கக் கால வேலை. ஒரு மாநில அரசு தன் குடிமக்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் "தீப்பிடிக்காத" வீடு கட்ட ஒரு நிறுவனம் நடத்த வேண்டியிருந்தது என்பதே இந்தச் சமூகத்தைப் பற்றிய வாக்குமூலம். 1980களின் தொடக்கத்தில் பொருளாதார மேம்பாட்டுத் திட்டங்கள், அதாவது மானியத்தோடு இணைந்த வங்கிக் கடன்கள், அதன் வேலையில் சேர்ந்தன.

இதே காலத்தில் ஒன்றிய அளவில் வேறொன்றும் நடந்தது. காட்டுமன்னார்கோயில் மண்ணின் மைந்தரான எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதாரம், கல்வி மேம்பாடு ஆகியவற்றை ஆராய்ந்து அது 1969இல் அறிக்கை கொடுத்தது. தீண்டாமையையும் பொருளாதாரத்தையும் ஒரே அறிக்கையில் வைத்துப் பார்த்ததுதான் அந்தக் குழுவின் அருமை. பின்னர் பி.எஸ். கிருஷ்ணன் போன்ற அதிகாரிகளின் விடாப்பிடியான முயற்சியில் 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகையில் எவ்வளவு விழுக்காடோ, திட்டச் செலவில் அவ்வளவு விழுக்காடு; அதை வேறு செலவுக்கு மடைமாற்றக் கூடாது, காலாவதியாகவும் விடக் கூடாது என்பது அதன் நெறி.

இரண்டும் வேறு வேறு வகை. உட்கூறுத் திட்டம் பங்கு கேட்கிறது. தாட்கோ மானியம் தருகிறது. பங்கு என்றால் மொத்தக் கணக்கைக் காட்டு என்று கேட்கலாம். மானியம் என்றால் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் முதலாவது நம் நினைவிலிருந்து நழுவி, இரண்டாவதே அரசு நமக்குச் செய்யும் எல்லாமும் என்றாகிவிட்டது. சிதம்பரத்தில் 2025 ஜூலையில் இளையபெருமாளுக்கு நினைவரங்கம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். அவர் எழுப்பிய பொருளாதாரக் கேள்விக்கு இன்னும் எந்த அரங்கமும் திறக்கவில்லை.

வங்கியின் வாசலில் நிற்கும் சமூகநீதி

தாட்கோ இப்போது நடத்தும் தொழில்முனைவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம். கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியம். முன்பிருந்த 30 விழுக்காடு, 2.25 லட்சம் என்ற வரம்போடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம். மறுக்கவில்லை.

ஆனால் பணம் எப்படிக் கைக்கு வருகிறது? சாதிச் சான்று, வருமானச் சான்று, கொட்டேஷன், திட்ட அறிக்கை எல்லாம் சேர்த்து இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டத் தேர்வுக் குழு நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுக்கும். அதன் பிறகு விண்ணப்பம் வங்கிக்குப் போகும். வங்கி கடன் கொடுத்தால்தான் மானியம். வங்கி கொடுக்காவிட்டால் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்தது, அரசு ஒதுக்கியது, சட்டமன்றம் ஒப்புதல் தந்தது எல்லாமே வெறும் காகிதம்.

புவனகிரி அருகே ஒரு காலனியில் இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். குட்டியானை வண்டி வாங்க விண்ணப்பித்துத் தேர்வானவர். வங்கிக் கிளைக்கு எட்டு மாதம் நடந்திருக்கிறார். முதலில் "மேனேஜர் லீவு." பிறகு "டார்கெட் முடிஞ்சிடுச்சி, ஏப்ரல்ல வா." ஏப்ரலில் போனால் "ஜாமீன் போட யாரு இருக்கா?" தொழிலுக்கான சிறு கடன்களில் ஒரு வரம்பு வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த விதி அவருக்குத் தெரியாது. தெரிந்த மேலாளர் சொல்லவில்லை. "எங்க தெருவுல யாருண்ணா ஜாமீன் போடுவா? எல்லார் பேரும் சுய உதவிக் குழுக் கடன்ல கெடக்கு" என்றார் அவர்.

இந்தக் கதை அந்த ஒரு கிளைக்கு மட்டும் உரியதில்லை. சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மக்கள் தேர்ந்தெடுக்காத, சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு கிளை மேலாளரின் கையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சொத்து சேர்க்க விடாமல் வைக்கப்பட்ட மக்களிடம், "உன்னிடம் சொத்து இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அரசின் மானியத்தைத் தருவது என்ன வகைச் சமூகநீதி? சாதி பறித்துக்கொண்டதையே தகுதியாகக் கேட்கிறது இந்த நடைமுறை.

வங்கி இல்லாமல் முடியாதா? முடியும் என்று பக்கத்து மாநிலம் காட்டியது. தெலங்கானா 2021இல் தொடங்கிய தலித் பந்து திட்டம் ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயை வங்கிக் கடன் இல்லாமல், முழு மானியமாகக் கொடுத்தது. அந்தத் திட்டம் வேறு இடத்தில் கெட்டது. பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் சட்டமன்ற உறுப்பினர்கள் கைக்குப் போனது. சிலர் பயனாளிகளிடமே லட்சக்கணக்கில் வாங்கினார்கள் என்று 2023இல் அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவே தன் கட்சிக் கூட்டத்தில் எச்சரிக்கும் நிலை வந்தது. இரண்டு பாடங்கள் இதில் உண்டு. வங்கி தேவையில்லை. தேர்வு அரசியல்வாதியின் கையில் இருக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காலனியில் ஒருவர் கறவை மாடு வாங்குகிறார். மேய்க்க நிலம் யாருடையது? இன்னொருவர் மளிகைக் கடை போடுகிறார். ஊர்த் தெருவில் கடை வைக்க வாடகைக்கு யார் இடம் தருவார்? காலனிக்குள்ளேயே போட்டால் வாங்குபவர்களும் அதே கூலி ஏழைகள்தான். சந்தைக்குச் சாதி இல்லை என்று நம்புகிறவர்கள் வடிவமைத்த திட்டம் இது. சாதி வெறும் மூலதனப் பற்றாக்குறை என்றால் கடன் அதைத் தீர்த்துவிடும். சாதி அதுவல்ல என்பதால்தான் தனித்தனிக் குடும்பங்களுக்குத் தரும் கடன்கள் தெருவை மாற்றுவதில்லை.

சிப்காட்டுக்கு ஒரு முறை, சேரிக்கு ஒரு முறை

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு வளர்ச்சிக் கழகத்தையும் தெரியும். உப்பனாற்றங்கரையில் 1980களில் சிப்காட் வளாகம் வந்தது. ஆறு கெட்டது, காற்று கெட்டது, குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழப் பழகினார்கள் என்பது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது செலவு செய்த முறை. அரசு முதலில் நிலத்தை எடுத்தது. சாலை போட்டது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வழி செய்தது. அதன் பிறகு வாருங்கள் என்று முதலாளிகளை அழைத்தது. முதலாளிக்கு அரசு செய்து தருவது அடித்தளம்.

சேரியின் முதலாளிக்கு அரசு செய்து தருவது விண்ணப்பப் படிவம். தொழிற்கூடம் கட்ட இடம், சரக்கு வைக்கக் கிடங்கு, வாடகை இல்லாத கடை, சந்தைக்குப் போகப் பாதை என்று எதுவும் முதலில் வருவதில்லை. கடன்தான் முதலில் வருகிறது. அதுவும் வந்தால். தொழில் கவிழ்ந்தால் அவன் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து கவிழ்கிறது. அடுத்த முறை எந்த வங்கியும் அவனை உள்ளே விடாது. "தாட்கோ கடன் வாங்கினவன் கட்ட மாட்டான்" என்ற பேச்சு வங்கிகளில் உலவுகிறது. சாதியப் புத்திக்கு இப்படி ஒரு கணக்கியல் முகமூடியும் கிடைத்துவிட்டது.

நிலத்திலும் இதே கதைதான். நிலமற்ற பெண்கள் விவசாய நிலம் வாங்க நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. நிலத்தின் விலையில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். நிலத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவரிடம் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. நிலம் கைமாற வேண்டும் என்ற நோக்கம் சரிதான். ஆனால் வீராணம் பாசனப் பகுதியில் ஊர்க்காரர் ஒருவர் காலனிப் பெண்ணுக்கு நஞ்சை விற்க முன்வர வேண்டும். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரப்பு வழியும் வாய்க்கால் வழியும் விட வேண்டும். இதற்கெல்லாம் தாட்கோவிடம் மானியம் கிடையாது.

இன்னொரு பக்கம், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் அறிக்கையின் விளைவாக 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம். அதை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு உயிரைக் கொடுத்தார்கள். சட்டப்படி நமக்கே உரிய நிலம் பிறர் கையில் இருக்க, அரசு நமக்கு மானியம் கொடுத்து அவர்களிடமே விலைக்கு வாங்கிக்கொள் என்கிறது. கடனுக்குத் தவணை கட்டுவது நாம். சந்தை விலையை ரொக்கமாக வாங்குவது அவர்கள். என்எல்சி சுரங்கத்துக்கென்றால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்து வயலில் மண் வெட்டும் எந்திரங்கள் இறங்கின. அந்த அராஜகத்தை எதிர்த்தோம், இனியும் எதிர்ப்போம். ஆனால் நிலத்தை எடுக்கும் வலிமை இந்த அரசுக்கு இல்லை என்று மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

காகிதத்தில் பிரிக்கப்படும் பங்கு

அப்படியானால் அந்த ஆயிரக்கணக்கான கோடி எங்கே போகிறது?

2023-24 வரவு செலவுத் திட்டத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 1,540 கோடி துணைத் திட்ட நிதியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. அந்தப் பணம் பட்டியல் சாதிப் பெண்களுக்குத்தான் போகிறது, எனவே இது மடைமாற்றம் இல்லை என்பது அரசுத் தரப்பின் பதில்.

இந்தப் பதிலை நிதானமாகப் பார்க்க வேண்டும். 7,000 கோடியில் 1,540 கோடி என்பது சரியாக 22 விழுக்காடு. மக்கள்தொகை விகிதத்தையொட்டி ஒரு பொதுத் திட்டத்தைக் காகிதத்தில் வெட்டி, ஒரு துண்டை 789இன் கீழ் எழுதியிருக்கிறார்கள். உரிமைத் தொகை நல்ல திட்டம். என் உறவினர் வீடுகளிலேயே அந்த ஆயிரம் ரூபாய் மாதக் கடைசியில் அடுப்பெரிய வைக்கிறது. அதைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. துணைத் திட்டம் என்றொன்று இல்லாமலே இருந்திருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்கும் என்பதுதான் என் கேள்வியின் மையம். மாநிலத்தின் குடிமகளாக, மற்ற பெண்களைப் போலவே அவளுக்கு வர வேண்டிய பணம் அது. அதைக் கொடுத்துவிட்டு, "இதுதான் உன் சிறப்புப் பங்கு" என்று இன்னொரு கணக்கிலும் எழுதினால், ஒரே பணம் இரண்டு கடமைகளை நிறைவேற்றியதாகக் காட்டப்படுகிறது. உண்மையில் நிறைவேறியது ஒன்றுதான்.

கணக்கை எளிமையாகவே போடலாம். ஊர்த் தெருப் பெண்ணுக்கு ஆயிரம், காலனிப் பெண்ணுக்கு ஆயிரம். இருவருக்கும் இடையே ஏற்கனவே இருந்த நிலம், வீடு, படிப்பு, வேலை ஆகியவற்றின் இடைவெளி அப்படியே இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் உட்கூறுத் திட்டம் வந்தது. சமமாகப் பிரித்துத் தருவதை இடைவெளி நிரப்பியதாக எழுதுவது மோசடியான கணக்கு.

இதோடு ஒப்பிட இன்னோர் எண். அதே 2023இல் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்கு ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி. ஆண்டுக்குச் சராசரி 200 கோடி. மாநிலத்தின் எல்லாச் சேரிகளின் சாலைக்கும் தண்ணீருக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் ஐந்து ஆண்டுகளில் கிடைப்பதைவிட, ஒரே ஆண்டில் ஒரே பொதுத் திட்டத்தின் பெயரில் 789இன் கீழ் எழுதப்பட்ட தொகை அதிகம். அதே ஆண்டில் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுத் தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டதைச் சாதனையாகச் சொன்னார்கள். உயர்த்திய பிறகும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 16 ரூபாய்கூட வரவில்லை. நம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு எண்ணி எண்ணிக் கொடுக்கிற கைதான், பொதுத் திட்டங்களுக்கு நம் கணக்கிலிருந்து கோடிகளை எழுதுகிறது.

தமிழ்நாடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லி அரசு உட்கூறுத் திட்டத்திலிருந்து 670 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்ததை அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கர்நாடகம் 2013இலேயே உட்கூறுத் திட்டத்துக்குச் சட்டம் போட்ட மாநிலம். அங்கேயும் 2024-25இல் ஐந்து வாக்குறுதித் திட்டங்களுக்காக இந்த நிதியிலிருந்து 14,000 கோடிக்கு மேல் எடுக்கப்பட்டது. ஒன்றிய அரசோ உர மானியத்தில்கூட ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினர் நலச் செலவு என்று எழுதுகிறது. நிலமே இல்லாதவன் பெயரில் உர மானியம்! காங்கிரசோ பாஜகவோ திராவிடக் கட்சிகளோ, இந்தக் கணக்கு வித்தையில் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்து மாணவர்கள்.

எழுதியதையாவது முழுதாகச் செலவு செய்கிறார்களா? 2016-17 முதல் 2020-21 வரையான ஐந்து ஆண்டுகளில் ஆதிதிராவிடர் நலத்துக்கான நிதியில் 927 கோடி ரூபாய் செலவிடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டது என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளிவந்தது. மடைமாற்றியது போக மிஞ்சியதும் காலாவதியானது. "மடைமாற்றக் கூடாது, காலாவதியாகக் கூடாது" என்ற இரண்டு நெறிகளும் இரண்டு கைகளாலும் மீறப்பட்டன.

கடலூருக்கு என்ன பங்கு?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கடலூர் மாவட்டத்தில் 29 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு நெருங்கிய எண். சிதம்பரம் தனித் தொகுதி. காட்டுமன்னார்கோயிலும் திட்டக்குடியும் தனித் தொகுதிகள். மாநிலச் சராசரியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பட்டியல் சாதி மக்கள் வாழும் மாவட்டத்துக்குத் துணைத் திட்டத்தில் எவ்வளவு வருகிறது என்று ஒரு மாணவர் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. பட்ஜெட் ஆவணங்கள் துறைவாரியாக, தலைப்புவாரியாகப் பேசுகின்றன. மாவட்டம் அதில் இல்லை. ஒன்றியம் இல்லை. ஊராட்சி இல்லை. நெடுஞ்சாலைத் துறை 789இன் கீழ் எழுதிய தொகையில் போட்ட சாலை எந்தச் சேரிக்குள் நுழைந்தது, எந்தச் சேரியைத் தாண்டிப் போனது என்று அந்த எண் சொல்லாது. தெருப் பெயர் இல்லாத கணக்கை எந்தத் தெரு மக்களும் தட்டிக் கேட்க முடியாது. கேட்க முடியாதபடி இருப்பது அரசுக்கு வசதியாகவும் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆந்திரமும் கர்நாடகமும் சட்டம் போட்டுப் பதினொரு ஆண்டுகள் கழித்து வந்தாலும், தலித் இயக்கங்களின் நீண்ட காலக் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் சட்டம் இருந்தும் கர்நாடகத்தில் நடந்ததைப் பார்த்தோம். சட்டம் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தால்தான் பயன். அதற்கு நாம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, எல்லாருக்குமான திட்டங்களை விகிதம் போட்டு வெட்டி 789இன் கீழ் எழுதுவதை நிறுத்த வேண்டும். இந்த மக்கள் இல்லாவிட்டால் செய்யப்பட்டிருக்காது என்று சொல்லக்கூடிய செலவு மட்டுமே அந்தத் தலைப்பில் வர வேண்டும்.

இரண்டாவது, மாவட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். கடலூரின் 29 விழுக்காட்டுக்குக் கடலூரில் கணக்கு வேண்டும். செலவு செய்த பணம் எந்தக் குடியிருப்பில் என்ன சொத்தாக நிற்கிறது என்று தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, தாட்கோ மானியத்தை வங்கிக் கடனிலிருந்து அவிழ்க்க வேண்டும். தகுதி பெற்றவர்களில் யாருக்கு முதலில் என்பதைக் கிராம சபையின் முன்னிலையில் வெளிப்படையாக முடிவு செய்ய வேண்டும். வங்கிக் கடன் விரும்புபவர் வாங்கட்டும். அது மானியத்துக்கு நிபந்தனை ஆகக் கூடாது.

நான்காவது, தனிநபர் கடனைவிடப் பொதுச் சொத்துக்குப் பணம் அதிகம் போக வேண்டும். பஞ்சமி நில மீட்பு, காலனி மக்கள் சேர்ந்து நடத்தும் பால் குளிரூட்டு நிலையம், நெல் உலர்களம், பேருந்து நிலையத்தில் அவர்களுக்கென்று கடைகள், நல்ல விடுதிகள். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தொடங்கியது நந்தனார் பெயரில் ஒரு கல்விக் கூடம். அவர் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டம் சேர்ந்து பயன்படுத்தும் சொத்தை உருவாக்கினார். இந்தப் பகுதியில் படித்து வெளியே வந்த எத்தனையோ பேரின் பாதை அங்கே தொடங்குகிறது. பட்ஜெட் போடுகிறவர்கள் அந்தப் பள்ளிக் கட்டடத்தை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

"இப்படியெல்லாம் கேட்டால் இருக்கிற மானியமும் போய்விடும், கொடுப்பதை வாங்கிக்கொள்வோமே" என்று நம் ஆட்களிலேயே சிலர் சொல்வார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. எட்டு மாதம் வங்கிக்கு நடந்தவருக்கு அந்த வண்டி வாழ்க்கை. ஆனால் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நம்மை நிறுத்தி வைப்பதுதான் சாதியின் பழைய ஏற்பாடு. களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லுக்கும் இதற்கும் வேறுபாடு வேண்டும் என்றால், அளக்கும் மரக்காலை நாமும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இளைய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமூக ஊடகங்களில் பட்ஜெட் நாளன்று ஒரு பதிவு போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபைக்கு உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேர் போங்கள். "துணைத் திட்ட நிதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் காலனிக்கு என்ன செலவானது?" என்று ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அதைப் பதிவு செய்யச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அதே கேள்வியை அனுப்புங்கள். கடலூர் மாவட்டத்தில் நூறு ஊராட்சிகளில் இந்தக் கேள்வி பதிவானால், அடுத்த பட்ஜெட்டில் 789இன் கீழ் எழுதும் கை கொஞ்சம் யோசித்துத்தான் எழுதும்.